விழாத கை

சாந்தமதி மிக்ஸி கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கழுத்து விறைத்துப் போயிருக்கிறது என்பதை அதன் எம்.டி. கண்டுபிடித்தது, தன்னுடைய கழுத்துக்கு சிங்கப்பூரில் மசாஜ் செய்துகொண்டு திரும்பிய பிறகுதான். அதுவரைக்கும் அந்தக் கழுத்துகள் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. பனகல் பார்க்குக்குப் பின்னாலிருந்த தலைமை அலுவலகத்தின் மாடியில், புகார்ப் பிரிவில், காலையிலிருந்து சாயங்காலம் வரை டைப்ரைட்டர்மேல் குனிந்தபடியேதான் இருந்தன. சாந்தமதி மிக்ஸி சத்தமே போடாது என்று விளம்பரம். அது போடுகிற சத்தத்தில் தொட்டில் பிள்ளை வீறிடுகிறது என்று ஊர் ஊராகக் கடிதம் வரும். ‘தங்கள் குழந்தையின் நலனில் எங்களுக்கும் அக்கறை உண்டு’ என்று பதில் அடித்து அனுப்புவதுதான் புகார்ப் பிரிவின் வேலை.

அந்தப் பிரிவின் கடைசி நாற்காலி அன்புச்செல்வியுடையது. உடையது என்று சொல்வதுகூட அதிகம். அவள் தற்காலிகம். சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து, அந்த வம்சத்திலேயே முதல் ஆளாக பி.ஏ. முடித்து வந்தவள். அம்மா முனியம்மாள் அபிராமபுரத்தில் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். மகள் பர்மனென்ட் ஆகப்போகிறாள் என்று குழாயடி முழுக்கச் சொல்லியாயிற்று. சொன்னதோடு நிற்காமல், வேலை செய்யும் வீடுகளில் பாதியை, ‘வேற ஆள் பாத்துக்கம்மா’ என்று விட்டுவிட்டும் வந்துவிட்டாள். அதனால் பர்மனென்ட் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அன்புச்செல்வி டைப்ரைட்டர்மேல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வாள்.

அப்படியிருக்கும்போதுதான் நோட்டீஸ் போர்டில் அந்தக் காகிதம் ஒட்டப்பட்டது. ஊழியர்கள் அனைவரும் அடையாறிலுள்ள அகில பாரத தசைத் தளர்ச்சி நிலையத்துக்குச் சென்று மசாஜ் சிகிச்சை பெறவேண்டும். செலவு கம்பெனியுடையது. முழுமையாகத் தளர்ந்தவர்கள் மட்டுமே நிரந்தரப் பணிக்குத் தகுதியானவர்களாகக் கருதப்படுவார்கள்.

“என்னடி இது கூத்து?” என்றாள் பக்கத்து நாற்காலி ஜலஜா. மயிலாப்பூர்க்காரி, இந்தப் பிரிவிலேயே மூத்தவள். “ஆத்துல மாமியார் கேட்டா என்னன்னு சொல்றது? ஆபீஸ்ல என்னைப் பிடிச்சு விடறான்னா?”

“அது கெடக்குது மேடம். தளரலைன்னா இன்னா பண்ணுவாங்க?”

அதற்குப் பதில் சொல்ல பர்சனல் மேனேஜர் ரகுபதியே நேரில் வந்தார். அவர் நடந்து வந்தால் ஷூ சத்தம் முதலில் வரும், அப்புறம் அவர் வருவார்.

“தளரலைன்னா என்ன அர்த்தம், மிஸ் அன்புச்செல்வி? கம்பெனி இவ்வளவு செலவு பண்ணியும் நீங்க தளர மாட்டேன்னு அடம்பிடிக்கிறீங்கன்னு அர்த்தம்.”

“பயமா இருக்கு சார்.”

“பயந்தா தளர முடியாது. அதனால யாரும் பயப்படக் கூடாது. பயப்படறவங்க மேல நடவடிக்கை எடுக்கப்படும்.”

அதைக் கேட்டதும் பிரிவு முழுக்க ஒரே நேரத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது.

நிலையம் அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. வாசலில் நின்ற வாட்ச்மேன், கம்பெனி வேனிலிருந்து இறங்கினவர்களைப் பார்த்து, “லூசா நட! லூசா நட! தோள இறக்கு!” என்று அதட்டினான். உள்ளே தைல வாசனை. கூடத்தில் பெஞ்சு போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார்கள். சுவரெல்லாம் தோலுரித்த மனிதர்களின் படம். ஒவ்வொரு தசைக்கும் ஒரு அம்புக்குறி. அவர்கள் எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார்களோ என்று அன்புச்செல்வி நினைத்தாள்.

இயக்குநர் ஸ்ரீரங்கன் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு வந்தார். அவரை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

“மசாஜினால் என்ன நன்மை?” என்று ஆரம்பித்தார். “ரத்தம் சீராக ஓடும். முதுகுவலி போகும். தலைவலி குறையும். தூக்கம் நன்றாக வரும். இவ்வளவும் உலகத்துக்கே தெரியும். இதை மட்டும் செய்வதற்கு ஒரு நிலையம் எதற்கு, ஒரு கட்டடம் எதற்கு, நான்தான் எதற்கு? நம் நிலையம் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது. சம்பள உயர்வு கேட்கும் ஆசை இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு முடிச்சாக இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறோம். கட்டைவிரலால் அழுத்தினால் கரைந்துவிடுகிறது. சங்கம் வைக்கும் ஆசை இடுப்பில் இருக்கிறது. அதற்கு முழங்கையைப் பயன்படுத்துகிறோம். ஆகவே வலி என்பது வேறொன்றுமில்லை. நிர்வாகத்தின்மேல் உங்கள் உடம்புக்கு இருக்கிற அவநம்பிக்கை.”

ரகுபதி கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

“தட்டாதீர்கள்!” என்றார் இயக்குநர். “தட்டினால் உள்ளங்கை இறுகும்.”

பிறகு சோதனையை விளக்கினார். சிகிச்சை முடிந்ததும் தெரபிஸ்ட் உங்கள் கையைத் தூக்குவார். தூக்கிவிட்டு, விட்டுவிடுவார். கை பொத்தென்று விழுந்தால் நீங்கள் தளர்ந்தவர், அறை வாசலில் பச்சை பல்ப் எரியும். கை அந்தரத்திலேயே நின்றால் நீங்கள் தாங்குகிறவர். சிவப்பு பல்ப் எரியும், மணியும் அடிக்கும். “தாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் நோயாளிகள். நோயாளிகளைக் கம்பெனி வைத்துக்கொள்ளுமா என்பது கம்பெனியின் பாடு.”

அன்புச்செல்வி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அவளை ஓர் அறைக்குள் தள்ளி, முதுகுப்பக்கம் நாடா வைத்த பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். ஜாக்கெட்டில் கொக்கி போன இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் கழற்றி மறைத்தாள். கட்டிலில் குப்புறப் படுத்தாள்.

“இன்னாமா, ஆப்பரேசனுக்குப் படுக்கறாப்புல படுத்துகினு கீற?” என்றது ஒரு குரல். தெரபிஸ்ட் வஜீஹா. இவள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். “மூச்ச உடு. உட்டுட்டு திருப்பி எடுக்கவும் செய்யி. செத்துகித்து போயிட்டா அதையும் என் தலையிலதான் கட்டுவாங்க.”

வஜீஹாவின் விரல்கள் கழுத்தின் அடியில் இறங்கின. அங்கே என்னவோ ஒன்று, டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து கல்லாகக் கிடந்த ஒன்று, மெல்ல அசைந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று தோன்றியதும் அன்புச்செல்விக்குத் திக்கென்றது. இதற்கு அப்புறம் என்ன கேட்பார்களோ?

வஜீஹா அவளைப் புரட்டிப் படுக்க வைத்து வலது கையைத் தூக்கினாள். பிறகு விட்டாள்.

கை நின்றது.

அன்புச்செல்வி வேண்டுமென்று செய்யவில்லை. அவள் வளர்ந்த வகை அப்படி. யார் கையிலும் நம் பாரத்தைப் போடக் கூடாது. பஸ்ஸில் யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால் அவள் உட்காருவது போல உட்காருவாளே தவிர, பாதி உடம்பைக் காலில்தான் நிறுத்தியிருப்பாள். ஒருத்தி நம் கையைத் தூக்குகிறாள் என்றால், பாவம், அவளுக்கு எதற்குச் சிரமம் என்று அந்தக் கை தானாகவே தன்னைத் தூக்கிக்கொண்டுவிட்டது.

மணி அடித்தது. இயக்குநர் வந்தார். பின்னாலேயே பயிற்சி மாணவர்கள் கூட்டம்.

“உன் கையை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?”

“யாரும் இல்ல சார்.”

“பின்னே ஏன் நிற்கிறது?”

“அவங்க தூக்கினாங்க சார். கனமா இருக்குமேன்னு நானும் கொஞ்சம்...”

“அவர் விட்டு எவ்வளவு நேரம் ஆகிறது!”

“விட்டுட்டாங்களா சார்? சொல்லவே இல்லையே.”

இயக்குநர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். “பார்த்தீர்களா? உத்தரவு வந்தால்தான் விழும் கை. மிகவும் முற்றிய நிலை. அதுவும் தானாக முன்வந்து உதவி செய்கிறது. இந்த வயதிலேயே!”

மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் அது உதவி செய்தது.

மறுநாளிலிருந்து புகார்ப் பிரிவில் தட்டச்சு சத்தம் குறைந்து, பொத் பொத்தென்று கை விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருத்தர் கையை ஒருத்தர் தூக்கி விட்டுப் பழகினார்கள். அட்டெண்டர் முருகையனின் கை டீ டம்ளர்மேல் விழுந்து, டீ முழுக்க ஏதோ ஒரு ஊர்க் குழந்தையின் நலன்மேல் கொட்டியது. ஜலஜா ராத்திரி பகல் பார்க்காமல் பழகி, நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டாள்.

“நேத்திக்கு ரசம் விளாவிண்டிருக்கேன், கை தானா விழுந்துடுத்துடி. மாமனார் பாத்துட்டு பக்கவாதம்னு நெனச்சுண்டு டாக்டரை வரவழைச்சுட்டார். நேக்கு ஒரே சந்தோஷம்.”

“எனக்கு வர மாட்டேங்குது மேடம்.”

“நீ ரொம்ப யோசிக்கறே. உன் கை உன்னோடது இல்லேன்னு நெனச்சுக்கோ. கம்பெனியோடதுன்னு நெனச்சுக்கோ.”

“அப்டி நெனச்சா இன்னும் ஜாக்கிரதையா புடிச்சிக்குது மேடம்.”

வீட்டில் போய் அம்மாவிடம் கையை நீட்டினாள். முனியம்மாள் அப்போதுதான் ஸ்டவ்வைப் பற்ற வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாடி சொல்ற? கம்பேனில காசு குட்த்து, ஆள வெச்சி, ஒடம்பு புட்சி உடறாங்களா? அதுக்குப் போயி மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற?”

“கை உழுவணும்மா. உழலைன்னா வேலை போயிரும்.”

“உழுந்தா அடி படாதா?”

“நீ தூக்கி உடு, சொல்றேன்.”

முனியம்மாள் தூக்கி விட்டாள். நின்றது. மறுபடி தூக்கினாள், மறுபடியும் நின்றது. அன்புச்செல்விக்கு அழுகை வந்துவிட்டது. “உனக்கு எப்டி இருக்குன்னு பாப்போம், குடு” என்று அம்மாவின் கையைத் தூக்கி விட்டாள். பாத்திரம் தேய்த்துக் காய்த்துப்போன அந்தக் கை, கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

“உடும்மா கைய.”

“நீ தூக்கற, நான் வெச்சிகினு கீறேன். எவ்ளோ நேரம் நீ மட்டும் தூக்குவ? உனக்கும் வலிக்கும்ல?”

நோய் பரம்பரையாக வருகிறது என்று தெரிந்ததும் அன்புச்செல்விக்குப் பயம் இன்னும் கூடியது.

“இத பாரு,” என்றாள் முனியம்மாள், கையை இறக்காமலேயே. “இருக்கற மிச்ச வூட்டையும் இன்னிக்கி உட்டுட்டு வந்துட்டேன். உன்ன நம்பித்தான். எதுனா பண்ணி அந்தக் கைய உழ வையி.”

அடுத்த தடவை நிலையத்துக்குப் போனபோது வஜீஹா வழக்கமான கிண்டல் எதுவும் செய்யவில்லை. கதவைச் சாத்திவிட்டு, தன் இரண்டு கட்டைவிரலையும் நீட்டிக் காட்டினாள். வீங்கிச் சிவந்திருந்தன.

“உங்க கம்பேனி முடிச்செல்லாம் இங்கதான் வந்து சேந்துகினு கீது. பாரு.”

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“எந்த டாக்டரு? அந்தாளா? வலிக்குதுன்னு சொன்னேன். ‘உனக்கும் அவநம்பிக்கையா’ன்னு கேட்டாரு. கேளு, செவப்பு பல்ப் எரிஞ்சா உனக்கு மட்டும் இல்ல, எனக்கும் ஆப்பு. என் ரூம்புல செவப்பு எரியறது உன்னால மட்டுந்தான். வூட்ல பெத்த அம்மிஜான் படுத்த படுக்கை. உன் கை உழலைன்னா என்ன தூக்கிடுவாங்க மா.”

இதுவரை அன்புச்செல்வி தன் ஒருத்தியின் வேலையை மட்டும் அந்தக் கையில் தாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது இன்னொருத்தி வேலையும் அதில் வந்து ஏறியது. ஏறிய கனத்தில் அது விழுந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் நடக்க வேண்டும். ஆனால் அந்தக் கை இன்னும் கவனமாகிவிட்டது.

வஜீஹா அன்றைக்கு வெறிபிடித்தவள் மாதிரி வேலை செய்தாள். வீங்கின விரலை விட்டுவிட்டு, மணிக்கட்டாலும் முழங்கையாலும் கழுத்தை, தோளை, முதுகுத்தண்டின் இரண்டு ஓரத்தையும் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். வெளியே எங்கேயோ ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், அப்புறம் கேட்கவில்லை. தூங்கிப்போனாள்.

வஜீஹா கையைத் தூக்கினாள். விட்டாள். கை பொத்தென்று விழுந்தது.

“அல்லாவே!” என்று கத்திவிட்டு ஓடிப்போய்ப் பச்சை பல்பைப் போட்டாள். இயக்குநர் வந்தார். கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தார்.

“தூங்குகிறாளே!”

“ஆமா சார். நல்லா தளந்துருச்சி சார்.”

“தூக்கம் நிலையத்தின் சாதனை ஆகாது. தூங்கினால் யார் கை வேண்டுமானாலும் விழும். அப்புறம் நாம் எதற்கு? இது மேற்பார்வையில்லாத தளர்ச்சி. எழுப்பு இவளை.”

எழுப்பினார்கள். திடுக்கிட்டு எழுந்தவளின் கையை அவரே தூக்கி விட்டார். அது உத்தரவாதமாக நின்றது. சிவப்பு பல்பைப் போடச் சொல்லிவிட்டு, “இனி உங்கள் கம்பெனிக்காக நடக்கப்போகிற விழாவில்தான்” என்றார். “எல்லோர் முன்னிலையிலும். கடைசி வாய்ப்பு. உனக்கும்தான்” என்று வஜீஹாவையும் பார்த்துவிட்டுப் போனார்.

“நல்லா தூங்கினியா?” என்று வஜீஹா கேட்டாள்.

“ம்.”

“எவ்ளோ நாளாச்சு தூங்கி?”

“தெரியல.”

“எனுக்கும்தான்” என்று சொல்லிவிட்டு அவள் அங்கியை மடிக்க ஆரம்பித்தாள்.

தளர்ச்சிப் பெருவிழா மயிலாப்பூரில் ஒரு சபா ஹாலில் நடந்தது. மேடைக்கு நடுவில் வெள்ளை விரிப்பு போட்ட கட்டில். மார்கழியில் வித்வான்கள் உட்காருகிற இடம் அது. மேடை ஓரத்தில் பச்சை பல்ப், சிவப்பு பல்ப், மணி. முன்வரிசையில் எம்.டி. சிங்கப்பூர்க் கழுத்தில் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். புகார்ப் பிரிவு முழுக்கப் பக்கவாட்டுப் படிகளில் நின்றது. அன்புச்செல்வி கடைசியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் வஜீஹா.

“உட்ருவல்ல?” என்று வஜீஹா கிசுகிசுத்தாள்.

“உட்டுருவேன்.”

“சத்தியமா?”

“அம்மா மேல சத்தியமா.”

முதலில் ஜலஜா. கட்டிலில் படுத்தாள், கையைத் தூக்கினார்கள், விழுந்தது. பச்சை. கைதட்டல் கூடாது என்பதால் எல்லோரும் மெதுவாகப் பெருமூச்சு விட்டார்கள். அடுத்தது முருகையன். பச்சை. ஒருத்தர் பின் ஒருத்தராகப் பிரிவே விழுந்தது. ராத்திரி பகலாகப் பழகினது வீண்போகவில்லை.

“இப்போது நம் எம்.டி. அவர்களே ஒரு முன்மாதிரியாக...” என்று இயக்குநர் மைக்கில் அழைத்தார். எம்.டி. மாலையோடு ஏறிப் படுத்தார். இயக்குநர் பணிவாகக் கையைத் தூக்கி விட்டார்.

அது விழுந்த விழுகையில் கட்டில் அதிர்ந்தது. வாழைத்தண்டை வெட்டிப் போட்ட மாதிரி விழுந்தது. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இத்தனை வருஷ அனுபவத்தில்,” என்றார், “இப்படியொரு கையை நான் தொட்டதில்லை. ஒரு முடிச்சு இல்லை, ஒரு இறுக்கம் இல்லை. உழைப்பின் சுவடே படாத தேகம்! ஒரு கம்பெனியை நடத்துகிறவர் எந்தப் பாரத்தையும் தான் தாங்காமல் இருந்தால்தான் இது சாத்தியம். தாங்குவதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற பூரண நம்பிக்கை! இதைத்தான் நாங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க முயல்கிறோம்.”

ஹாலில் யாரோ இருமினார்கள். இது பாராட்டுதானா என்று எம்.டி. ரகுபதியைப் பார்த்தார். ரகுபதி பலமாகத் தலையாட்டினார். எம்.டி. முகம் மலர்ந்து எழுந்து, கட்டிலிலேயே உட்கார்ந்தபடி மைக்கை வாங்கினார்.

“எனக்கு ரொம்ப சந்தோஷம். நம்ம ஸ்டாஃப் எல்லாம் என்னை மாதிரியே ஆயிட்டாங்க. இவ்வளவு அழகா தளர்ந்தவங்களைத் திரும்பக் கொண்டுபோய் டைப்ரைட்டர் முன்னாடி உக்கார வெச்சா, டாக்டரோட உழைப்பு வீணாப் போயிடும். அது பாவம். அதனால இன்னிக்குத் தளர்ந்த எல்லாருக்கும் கம்பெனி முழு விடுதலை குடுக்குது. திங்கக்கிழமையிலேர்ந்து யாரும் வர வேண்டாம். வீட்ல இருங்க. நல்லா இருங்க.”

பெருமூச்சுகூடக் கேட்கவில்லை. ஜலஜா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “என்ன சொல்றார்?” என்று பக்கத்தில் கேட்டாள். “என்னடா முருகையா சொல்றார் இவர்?” முருகையன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். இப்போது அது கீழே வரவில்லை. ஆனால் சோதனை முடிந்துவிட்டது.

“மிஸ் அன்புச்செல்வி,” என்று ரகுபதி கூப்பிட்டார்.

மேடைக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விழுந்தால் ஜலஜா போன வழி. நின்றால் நோயாளி, தற்காலிகம், அவளும் வெளியே. விழுந்தால் வஜீஹா பிழைப்பாள். நின்றால் வஜீஹா போவாள். அம்மா மேல் சத்தியம் செய்திருக்கிறாள். அந்த அம்மா எல்லா வீட்டையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கட்டிலில் படுத்தாள். விரிப்பில் எம்.டி.யின் சூடு இன்னும் இருந்தது. தலைக்கு மேலே இயக்குநரின் முகம், அதற்கும் மேலே சபாவின் மின்விசிறி.

கை மேலே போனது. இயக்குநர் விட்டார்.

நின்றது. தான் பிடித்துக்கொண்டாளா, அதுவாக நின்றதா என்று அவளுக்கே அப்போதும் தெரியவில்லை, அப்புறமும் தெரியவில்லை.

மணி அடித்தது. இயக்குநர் அந்தக் கையை அழுத்திப் பார்த்தார். அது கொஞ்சம் இறங்கி, அவர் விட்டதும் பழையபடி ஏறியது. எம்.டி. குனிந்து பார்த்தார்.

“இது என்ன இது?”

“நோய், சார். யாரும் தூக்காவிட்டாலும் தானே தூக்கிக்கொண்டு நிற்கும். சொன்னால்தான் இறங்கும்.”

“சொல்ற வரைக்கும் நிக்குமா?”

“நிற்கும்.”

“வலிச்சாலும்?”

“வலிக்கிறதா?” என்று இயக்குநர் கேட்டார்.

“இல்ல சார்,” என்றாள் அன்புச்செல்வி. வலித்தது.

எம்.டி. ரகுபதியைப் பக்கத்தில் அழைத்தார். “எல்லாரையும் அனுப்பிட்டா கடிதாசிக்கெல்லாம் யார் பதில் போடறது? இவளை வெச்சுக்கோ. பர்மனென்ட் பண்ணிடு. எல்லா டேபிளையும் இவளே பாக்கட்டும். தாங்கறாள்ல?”

மேடை ஓரத்தில் இயக்குநர் வஜீஹாவின் நிலைய அங்கியைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார். “மெதுவாகக் கழற்று,” என்றார். “இறுக்கம் வேண்டாம்.”

லஸ் முனை பஸ் ஸ்டாப்பில் வஜீஹா நின்றிருந்தாள். அன்புச்செல்வி போய்ப் பக்கத்தில் நின்றாள்.  ஒரு பல்லவன் பஸ் வந்தது, கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சாய்ந்தபடி போனது.

“நீ கைய உட்டிருந்தா, நீ வூட்டுக்கு, நான் வேலைக்கு,” என்றாள் வஜீஹா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “உடல, நீ வேலைக்கு, நான் வூட்டுக்கு. ரெண்டு பேரும் சேந்து பொழைக்க ஒரு வழி வெச்சானா பாரு அந்த ஆளு.”

“வஜீஹா, நான் வேணும்னு...”

“அழுவாத. அழுதா இன்னும் எரிச்சலா வருது. இன்னாது, கை இன்னும் மேலயே கீது?”

அன்புச்செல்வியின் வலது கை, மார்புக்கு நேராகப் பாதி தூக்கினபடியே நின்றுகொண்டிருந்தது. யாரும் இறக்கு என்று சொல்லவில்லை. சபாவிலிருந்து அப்படியேதான் நடந்து வந்திருந்தாள்.

“உக்காரு இங்க,” என்று வஜீஹா பஸ் ஸ்டாப்புத் திண்டில் அவளை உட்கார வைத்தாள். வீங்கின கட்டைவிரலை அவள் தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே வைத்து அழுத்தினாள். பல்ப் இல்லை, மணி இல்லை, எண்ணெய்கூட இல்லை. பூக்காரம்மா ஒருத்தி வேடிக்கை பார்த்தாள். வஜீஹா திட்டிக்கொண்டே பிடித்துவிட்டாள். எம்.டி.யைத் திட்டினாள், இயக்குநரைத் திட்டினாள், இவளைத் திட்டினாள், தன் விரலைத் திட்டினாள். திட்டுக்கும் அழுத்தத்துக்கும் ஒரே தாளம்.

ஏதோ ஒரு இடத்தில் அந்தக் கை வஜீஹாவின் மடியில் விழுந்தது. முழுக் கனத்தோடு விழுந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“இப்ப உழு, சனியனே,” என்றாள் வஜீஹா. அவளுடைய பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை புகார்ப் பிரிவில் அன்புச்செல்வி மட்டும் இருந்தாள். எல்லா டைப்ரைட்டர்களுக்கும் உறை போட்டிருந்தது. எல்லா மேஜைகளின் கடிதங்களையும் முருகையனுக்குப் பதிலாக ரகுபதியே தூக்கிவந்து அவள் மேஜையில் கொட்டினார். தரையிலும் கொட்டினார். ஷூ சத்தம் காலி அறையில் இரட்டிப்பாகக் கேட்டது.

“கங்கிராஜுலேஷன்ஸ். நீங்க பர்மனென்ட்.”

“தேங்க்ஸ் சார்.”

அவள் அம்மா இந்நேரம் குழாயடியில் இதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். ராத்திரியே சொல்லி முடித்திருந்தாலும், மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பாள்.

“ஒரே ஒரு விஷயம்,” என்றார் ரகுபதி. “உங்க கையை எம்.டி.க்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வெளியூர்லேர்ந்து வர்ற டீலர்களுக்கெல்லாம் காட்டணும்கிறார். அப்பப்போ வந்து தூக்கிப் பாப்பார். நின்னாத்தான் வேலை. புரியுதா? தளர்ந்துட்டீங்கன்னா மத்தவங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம்னு கம்பெனி நடந்துக்க முடியாது. இன்னிக்கே ஒரு டீலர் வந்திருக்கார். கூட்டிட்டு வரேன்.”

அவர் போனார். அன்புச்செல்வி முதல் கடிதத்தைப் பிரித்தாள். அறந்தாங்கியில் ஒரு குழந்தை வீறிட்டிருந்தது. டைப்ரைட்டரில் காகிதத்தைச் சொருகினாள். எதற்கும் இருக்கட்டும் என்று, இடது கையால் வலது கையைத் தூக்கினாள். விட்டாள்.

பொத்தென்று மேஜைமேல் விழுந்தது.

 சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. மறுபடி தூக்கி விட்டாள். விழுந்தது. சுகமாக, ஒரு வலியும் இல்லாமல், ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்த கையாக விழுந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்து சொன்ன பேச்சைக் கேட்டது. அவள் வாழ்க்கையிலேயே உடம்பு இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

“நில்லு,” என்று கையிடம் சொன்னாள். “இவ்ளோ நாள் நின்னியே, நில்லேன்.”

மாடிப்படியில் ஷூ சத்தம் கேட்டது. கூடவே எம்.டி.யின் சிரிப்பும், அறிமுகமில்லாத இன்னொரு ஆளின் சிரிப்பும். அன்புச்செல்வி வலது கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனாள். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். பிடித்த விரல்களை எடுக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. எடுத்தாள்.